75 காசு பத்திரிகையும் பெய்ரூட்டின் வெள்ளைத் தாளும்

ஓசூரில் பஸ் ஏறி, தளி வழியாக ஜவளகிரி போய்ப் பாருங்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என நான்கு மொழிகளும் காதில் விழும். முதல் மூன்று மொழிகளின் நாளிதழ்கள் நமக்குப் பழக்கம். உருதுவுக்கு?

பக்கத்து பெங்களூரில் 'சாலார்' வெளிவருகிறது. அதைவிடப் பழைய உருது நாளிதழ் ஒன்று நம் சென்னையிலேயே பிறந்தது. பெயர் 'தி முசல்மான்'.

1927-ல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கினார். பிறகு மகன் சையத் ஃபஸ்லுல்லா நடத்தினார். 2008-ல் அவர் மறைந்ததும் பேரன் சையத் ஆரிஃபுல்லா பொறுப்பேற்றார். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பத்திரிகை இது.

திருவல்லிக்கேணியில் சின்ன அலுவலகம். நாலே பக்கம். அத்தனையும் கையெழுத்து! 'காதிப்' எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் பேனாவும் மையுமாக உட்கார்ந்து, ஒரு பக்கத்தை சுமார் 3 மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். பிறகு அதை நெகட்டிவ் எடுத்து, பிளேட்டுக்கு மாற்றி அச்சடித்தார்கள். கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக விட்டதும் உண்டு. விலை வெறும் 75 காசாக இருந்தது.

ஏன் கையால் எழுத வேண்டும்? உருதுவின் 'நஸ்தலீக்' எழுத்து சரிந்து, ஒன்றோடொன்று பின்னி வரும். ஈய அச்சில் அதை வார்ப்பது பெரும்பாடு. அரபு நாளிதழ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை பயன்படுத்தும் 'நஸ்க்' எழுத்து அச்சுக்கு வசதியானது. எகிப்தின் 'அல் அஹ்ராம்' 1876-லேயே அச்சில் வந்துவிட்டது.

ஆனால், அரபுப் பத்திரிகைகளுக்கு வந்த சோதனை வேறு. அல் அஹ்ராமை 1960-ல் நாசர் அரசு தன்வசமாக்கியது. லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் 1974-ல் தொடங்கிய 'அஸ் ஸஃபீர்' அரசு நாளிதழ் அல்ல. அதுவும் பணத் தட்டுப்பாட்டால் 2016 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுபோனது.

அதே ஊரின் 'அன் நஹார்' 1933-ல் இருந்து வரும் தனியார் நாளிதழ். 2018 அக்டோபர் 11 அன்று கடைக்கு வந்த அதன் பக்கங்களில் ஒரு செய்தியும் இல்லை. எல்லாம் வெள்ளை! தேர்தல் முடிந்து ஐந்து மாதமாகியும் தலைவர்கள் அரசு அமைக்காததற்கு அப்படி எதிர்ப்புக் காட்டியது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில நாட்களில், 1975 ஜூன் 28 அன்று, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டது. எழுதாததே பேச்சாகிவிட்டது.

இப்படித் துணிய, பத்திரிகைக்கு முதலில் சொந்தக் காலில் நிற்கும் பலம் வேண்டும். அரசின் பணத்தில் நடந்தால் அரசைக் கேள்வி கேட்பது கடினம். ஒரே பெரிய விளம்பரதாரரை நம்பினால் அவரைப் பற்றி எழுதக் கை தயங்கும். மிச்சம் இருப்பது வாசகர் தரும் காசுதான்.

இன்று செல்போனில் செய்தி இலவசமாக வருகிறது. ஆனால், செய்தி சேகரிக்க யாரோ ஒருவர் செலவழித்துத்தான் ஆக வேண்டும். அது யார் என்று பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. பிடித்த பத்திரிகைக்கு மாதம் ஒரு சிறு சந்தா கட்டினால், அது துணிந்து எழுத நாமும் கைகொடுத்ததாக இருக்கும்.