குளிர் மட்டும்தானா காரணம்? கொடைக்கானல் மேல்மலையில் தனித்திருக்கும் பெரியவர்கள்

'நல்ல காத்து, நல்ல தண்ணி... இங்கே இருந்தா நோயே வராது!' கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சுற்றுலா வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஏரியைச் சுற்றிவிட்டு இறங்குபவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்களில் ஆண்டு முழுக்க வாழும் பெரியவர்களின் கதை வேறு.

பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கீழே இறங்கிவிட, வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிச்சம். 'தனியா இருக்கேன், மனசு சரியில்லை' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். 'கால் குடையுது', 'தூக்கமே இல்லை', 'சாப்பாடு இறங்கலை' என்பார்கள். முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பின் வழியாகத்தான் பேசும்.

மலையில் பழியைக் குளிரின் மேல் போட்டுவிடுவது சுலபம். அதிலும் உண்மை இருக்கிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறும். ஆனால், நீடித்த கவலையும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைக் கூட்டி, அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். தூக்கத்தையும் கெடுக்கும்.

மீதியைச் சமையலறையில் பார்க்கலாம். ஒரு ஆளுக்காக யார் குழம்பு வைப்பது? கஞ்சியும் ஊறுகாயும் போதும் என்றாகிவிடும். உப்பு கூடும், புரதம் குறையும், தசை கரையும். 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்கவும் ஆளில்லை. ஏற்றமும் இறக்கமுமான பாதையில் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டால், அந்தப் பயத்திலேயே வாசல்படி தாண்ட மாட்டார்கள். நடக்காத கால் இன்னும் பலவீனமாகும்.

2010-ல் அமெரிக்காவில், 148 ஆய்வுகளைத் தொகுத்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசினார்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகமாக இருந்தது. 'அதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்குக் குடும்பம் இருக்கே' என்று தோன்றலாம். வீடு நிறைய ஆளிருந்தும், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லாத தாத்தாக்கள் நம் ஊரிலும் இருக்கிறார்களே!

காதையும் கவனிக்க வேண்டும். மகன் தினமும் போன் செய்வார். பாட்டி 'சரிப்பா, சரிப்பா' என்பார், பாதி கேட்டிருக்காது. மறதிநோய்க்கு வழிவகுக்கும், தவிர்க்கக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-ல் பட்டியலிட்டது. காது கேளாமை, தனிமை, மனச்சோர்வு மூன்றும் அதில் உண்டு. காதுகேட்கும் கருவி வாங்கிக் கொடுப்பதும் மூளைக்கான வைத்தியம்தான்.

அதற்காக எல்லா வலியையும் 'மனசுதான் காரணம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே அசதியைத் தரும். முதலில் பரிசோதனை அவசியம்.

மேல்மலைக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே விளைகிறது. வேரையும் தாளையும் நறுக்கித் தரம்பிரிப்பது உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஊர்க்கதையும் ஓடும். 'உனக்கெதுக்கும்மா இந்த வேலை, பேசாம படு' என்று பாசத்தில் தடுக்கும் பிள்ளைகள், அந்தக் கூட்டத்திலிருந்தும் அம்மாவைப் பிரித்துவிடுகிறார்கள்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால், அதுவும் மருந்துதான். முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 மணி வரை பேசலாம். மனசு சரியில்லை என்பதைச் சொல்லவும் அந்த எண்ணை அழைக்கலாம்.