பாரத்தில் எல்லாம் ‘நன்று’. வகுப்பில் மட்டும் ஏன் ஆள் குறைகிறது?

எஸ்பிஎம் முடித்த கையோடு நம் பிள்ளைகள் பலர் தனியார் தொழில்திறன் கல்லூரிகளில் சேர்கிறார்கள். மின் கம்பியிணைப்பு, வாகனப் பழுதுபார்ப்பு, வெல்டிங், சமையல், சிகை அலங்காரம் என்று பயிற்சிகள் ஏராளம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அதுதான் முதல் வெளியுலகம். முதல் மாதம் வகுப்பு நிறைந்திருக்கும். ஆறாம் மாதம் பின்வரிசை காலியாகத் தொடங்கும். கேட்டால், “அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நாட்டம் போனதற்குக் காரணம் இருந்திருக்கலாம். இருபது பேருக்கு இரண்டு வெல்டிங் இயந்திரம் இருந்தால், மற்றவர்கள் நாள் முழுக்க வேடிக்கைதான் பார்க்க வேண்டும். விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் வராமல் இருந்திருக்கலாம். பயிற்றுநர் பாதியில் வேலையை விட்டுப் போய், மாற்று ஆள் வராமலும் இருந்திருக்கலாம். இதையெல்லாம் கல்லூரி நிர்வாகம் பிள்ளையிடம் கேட்டதா, கேட்ட விதம் சரியா என்பதுதான் கேள்வி.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பயிற்சிக்குப் பல பிள்ளைகள் பிடிபிகே எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடன் எடுத்துப் படிக்கிறார்கள். பாதியில் நின்றாலும் கடன் கடன்தான். கையில் சான்றிதழ் இல்லாமல், பெயரில் கடனோடு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பார்த்தால், கருத்துக் கேட்பது சாதாரண அலுவலக வேலை இல்லை என்பது புரியும்.

பெரும்பாலும் நடப்பது என்ன? பயிற்சி முடியும் வாரத்தில் ஒரு பாரம் வரும். ‘1 முதல் 5 வரை வட்டமிடவும்’ என்றிருக்கும். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைகர்ட் 1932-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய அளவுமுறையின் வழிவந்தது இது. முறையில் தவறில்லை, பயன்படுத்தும் விதத்தில்தான் ஓட்டை. முதலாவது, கடைசி வாரத்தில் கேட்டால், குறை சொன்ன பிள்ளைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. சரிசெய்தாலும் அடுத்த பிரிவுக்குத்தான் நன்மை. இரண்டாவது, முப்பது பேர் சேர்ந்து பத்துப் பேர் நின்றுவிட்டால், பாரம் மிஞ்சிய இருபது பேருக்குத்தான் போகிறது. எது சரியில்லை என்று நன்றாகத் தெரிந்த பத்துப் பேர் கணக்கிலேயே இல்லை.

சராசரியும் ஏமாற்றும். இருபது பேரில் 16 பேர் ஐந்து புள்ளியும் 4 பேர் ஒரு புள்ளியும் கொடுத்தால் சராசரி 4.2. நிர்வாகக் கூட்டத்தில் இந்த எண்ணைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அந்த நான்கு பேரும் ஒரே விடுதி அறையில் இருப்பவர்களா, மாலை வகுப்புக்கு வருபவர்களா என்று பார்ப்பவர்தான் நோயைக் கண்டுபிடிப்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை பயம். எஸ்கேஎம் முறையில் பெரும்பாலும் பாடம் சொல்லிக் கொடுப்பவரே மாணவரின் திறனை மதிப்பிடும் அதிகாரியாகவும் இருக்கிறார். அதற்கு மேல் கல்லூரிக்குள் ஒரு சரிபார்ப்பாளரும், மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே நியமிக்கும் வெளிச் சரிபார்ப்பாளரும் உண்டு. ஆனால் மாணவர் கண்ணுக்குத் தினமும் தெரிபவர் பயிற்றுநர்தான். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரைப் பற்றி, அவர் கையாலேயே விநியோகித்து அவரே திரும்பச் சேகரிக்கும் பாரத்தில் யார் உண்மையை எழுதுவார்? “எல்லாம் ஓகே சார்” என்றுதான் வரும்.

‘பெயர் எழுத வேண்டாம்’ என்பதும் சில இடங்களில் வெறும் பேச்சு. பாரத்தில் இனம், பாலினம், வயது கேட்டிருப்பார்கள். வகுப்பில் ஒரே ஓர் இந்தியப் பெண் என்றால் பெயர் எதற்கு? புலனத்தில் கருத்து அனுப்பச் சொன்னால் எண் தெரிந்துவிடும். பெயரில்லாத கூகல் பாரம் நல்லது; மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதியை நிறுத்தி வைத்தால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு நல்ல வழியை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிளார்க் என்பவர் உருவாக்கினார். பயிற்சியின் நடுப்பகுதியிலேயே, பாடம் நடத்துபவர் அல்லாத ஒருவர் வகுப்புக்கு வருவார். பயிற்றுநர் வெளியே போய்விடுவார். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவார்கள். எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும், எப்படித் திருத்தலாம் என்பவைதான் கேள்விகள். பல குழுக்கள் ஒத்துக்கொண்ட கருத்தை மட்டும், யார் சொன்னது என்று குறிப்பிடாமல், வந்தவர் பயிற்றுநரிடம் கொண்டு போவார். இயந்திரமோ மென்பொருளோ தேவையில்லை. ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும். நம் கல்லூரிகளில் வேறு துறைப் பயிற்றுநர் ஒருவரே இதைச் செய்யலாம். மலாய் பாரத்தில் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளை, தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டால் மனம் திறந்து பத்து நிமிடம் பேசும்.

கேட்டதற்குப் பதில் சொல்வது அடுத்த கடமை. “நீங்கள் சொன்ன குழாய் வெள்ளிக்கிழமை சரிசெய்யப்படும். புதிய இயந்திரம் இவ்வாண்டு வாங்க முடியாது, அதற்குப் பதில் வகுப்பை இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம்” என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினால் போதும். முடியாது என்பதைக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராவிட்டால்தான் அடுத்த முறை பாரம் வெறுமையாகத் திரும்பும்.

மனநிறைவு மட்டுமே தரம் ஆகிவிடாது என்பதும் உண்மை. பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கெர்க்பேட்ரிக் 1959-இல் எழுதிய கட்டுரைகளிலிருந்து உருவான முறையில் நான்கு படிகள் உண்டு. மாணவருக்குப் பிடித்ததா என்பது முதல் படி மட்டுமே. கற்றாரா, கற்றதை வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் விளைந்ததா என்பவை மற்ற மூன்று. தாமதமாக வந்தாலும் கண்டுகொள்ளாத, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் பயிற்றுநருக்கு ஐந்து புள்ளி விழுவதைக் காணாதவர் இல்லை. ஆகவே படித்து முடித்து ஆறு மாதம் கழித்து, வேலையில் இருக்கும் பழைய மாணவரையும் அவருடைய முதலாளியையும் அழைத்துக் கேட்கும் கல்லூரிதான் முழுப் படத்தையும் பார்க்கிறது. பாதியில் நின்றவருக்கும் ஓர் அழைப்பு போக வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. குறை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வருவதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன வேண்டும் என்று சுருக்கமாக எழுதி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அசையவில்லை என்றால், எஸ்கேஎம் பயிற்சிகளுக்கு ஜேபிகேயிடமும், டிப்ளோமா போன்ற உயர்கல்விப் படிப்புகளுக்கு உயர்கல்வி அமைச்சிடமும் புகார் கொண்டு செல்லலாம். தேதி போட்ட கடிதம் கையில் இருந்தால் அங்கே பேச்சு எளிது.

சேர்க்கும் முன்பே கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பதிவு நாளில் விளம்பரத் தாளைக் கொடுப்பவரிடம், அங்கீகாரம் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்பவற்றோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “போன பிரிவு மாணவர்கள் என்ன குறை சொன்னார்கள்? நீங்கள் எதை மாற்றினீர்கள்?” குறையே இல்லை என்று பதில் வந்தால், பட்டறையையும் விடுதியையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.