பச்சை விளக்கு ஏன் மின்னியது?

வீடு ஒருவருக்குச் சொந்தம். அதில் குடியிருப்பவர் வேறொருவர். வீட்டுக்காரர் என்ற உரிமையில் அவர் சாவித் துவாரத்தின் வழியே குடித்தனக்காரரை எட்டிப் பார்க்கலாமா? கூடாது என்று உடனே சொல்லிவிடுவீர்கள். வீட்டுக்குப் பதிலாகக் கணிப்பொறியை வைத்துக் கேட்டுப் பாருங்கள். “கணிப்பொறி என்னுடையது, அதில் நடப்பதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?” என்ற வாதம் சற்று நியாயமாகவே தோன்றும். அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது.

பள்ளி கொடுத்த கணிப்பொறி

பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியா நகரை ஒட்டி இருப்பது லோயர் மெரியன் பள்ளி மாவட்டம். அதன் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் படித்த ஏறத்தாழ 2,300 மாணவர்களுக்கு ஆளுக்கொரு மடிக்கணிப்பொறி வழங்கப்பட்டது. அதை அவர்கள் வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். காணாமற்போன கணிப்பொறியைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு மென்பொருளும் அதில் இருந்தது. பள்ளியிலிருந்தபடியே அதை இயக்கலாம். இயக்கினால், அந்தக் கணிப்பொறி இணையத்தில் இருக்கும்போதெல்லாம் 15 நிமிடங்களுக்கு ஒரு முறை அதன் கேமரா எதிரே இருப்பவரைப் படம் எடுக்கும். திரையில் உள்ளதையும் படம் பிடிக்கும். இரண்டையும் பள்ளிக்கு அனுப்பிவிடும்.

கேமரா வேலை செய்யும்போது அதன் அருகே ஒரு சிறு பச்சை விளக்கு எரியும். அது தானாக மின்னி அணைவதைச் சில மாணவர்கள் கவனித்தார்கள். ஏதோ கோளாறு என்றுதான் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. இப்படி ஒரு வசதி இருப்பதைப் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்கும் சொல்லவில்லை, பெற்றோருக்கும் சொல்லவில்லை.

2009 நவம்பரில் ஒரு மாணவனைத் துணைத் தலைமையாசிரியர் அழைத்துப் பேசினார். வீட்டில் அவன் தவறான செயலில் ஈடுபட்டதாகக் கூறி, அதற்கு ஆதாரமாக அவனுடைய கணிப்பொறி எடுத்த படத்தைக் காட்டினார் என்பது மாணவன் தரப்பின் குற்றச்சாட்டு. படத்தில் அவன் கையில் இருந்தவை போதை மாத்திரைகளாகக் கருதப்பட்டன என்றும், உண்மையில் அவை மிட்டாய்கள் என்றும் குடும்பத்தினர் கூறினர். சுமார் 15 நாள்களில் அவனுடைய கணிப்பொறியிலிருந்து மட்டும் 400-க்கும் மேற்பட்ட படங்கள் சென்றிருந்தன!

2010 பிப்ரவரியில் குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். விசாரணையில் இரண்டு ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தது தெரிய வந்தது. காணாமற்போன கணிப்பொறி கிடைத்த பிறகும் சிலவற்றில் கண்காணிப்பு நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. குற்ற நோக்கம் இருந்ததாகச் சான்று இல்லை என்பதால் அரசு வழக்கறிஞர் குற்ற வழக்குப் போடவில்லை. ஆயினும் 2010 அக்டோபரில் பள்ளி மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணிப்பொறி பள்ளிக்குச் சொந்தம். திருட்டைக் கண்டுபிடிப்பது நல்ல நோக்கமும்கூட. ஆனால், கணிப்பொறிக்கு உரிமையாளர் என்பதால் அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் நாம் உரிமையாளராகி விடுவோமா? கேமராவின் முன்னால் வந்தது மாணவன் மட்டும் அல்ல, அவன் வீடும்தான்.

எழுதும்போதே படிப்பது

கேமரா இல்லாமலும் உளவு பார்க்க முடியும். விசைப்பலகையில் நீங்கள் ஒரு விசையை அழுத்தினால், அந்த விசைக்குரிய குறியெண் கணிப்பொறிக்குள் செல்கிறது. அதை இயங்குதளம் வாங்கி, உரிய மென்பொருளிடம் எழுத்தாகக் கொடுக்கிறது. ‘கீலாகர்’ எனப்படும் உளவு மென்பொருள் இந்த வழியின் நடுவே அமர்ந்துகொண்டு, செல்லும் ஒவ்வொரு குறியெண்ணையும் பிரதி எடுத்துக்கொள்கிறது. திரையில் உங்கள் கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத் தெரியும். அதற்கோ முழுச் சொல்லும் தெரியும்.

“இணையத்தில் செல்லும் செய்திகள் சங்கேதமாக மாற்றப்படுகின்றனவே, பிறகு என்ன பயம்?” என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாற்றம் நிகழ்வது பிறகுதான். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்கு முன்பே, எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் நின்று படிப்பவரை உறை என்ன செய்யும்?

உளவு பார்த்துச் சேர்த்த விவரம் உளவாளியிடமே தங்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ‘ஸ்பைஃபோன்’ என்ற உளவுச் செயலியை விற்றுவந்த நிறுவனத்தின் கணிப்பொறிக்குள் 2018-இல் ஒருவர் ஊடுருவி, ஏறத்தாழ 2,200 பேரின் விவரங்களைப் பெற்றார். 2021-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்நிறுவனம் இத்தொழிலிலேயே ஈடுபடக் கூடாது என்று தடை விதித்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது. உரியவரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறிக்குள் நுழைவதும், அதிலுள்ளவற்றைப் பிரதி எடுப்பதும், தகவலைப் பதிவு செய்து அனுப்பும் கள்ள மென்பொருளை அதில் புகுத்துவதும் அதன் 43-ஆம் பிரிவுக்குள் வருகின்றன. இழப்பீடு கொடுக்க வேண்டும். நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மேலும், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எனவே, நண்பனின் கணிப்பொறியில் ‘சும்மா வேடிக்கைக்காக’ உளவு மென்பொருளை ஏற்றிப் பார்ப்பது வேடிக்கையோடு முடிகிற காரியம் அல்ல.

அப்படியானால் கண்காணிப்பே கூடாதா?

அப்படியும் இல்லை. சிறு குழந்தை இணையத்தில் எங்கே போகிறது என்று பெற்றோர் கவனிக்கத்தான் வேண்டும். அலுவலகமும் தன் கணிப்பொறிகளைப் பாதுகாக்க வேண்டும். ஆனால், எதை, எதற்காக, எவ்வளவு நாள் கவனிக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கண்காணிப்பு; மறைத்துச் செய்வது உளவு. சொல்லிச் செய்தால் மற்றவர் மறுத்துப் பேசலாம், வரம்பு கேட்கலாம். மறைத்துச் செய்தால் வரம்பை வைப்பவரும் மீறுபவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். மேலும், கண்காணிக்கப்படுபவருக்குக் கடிதம் எழுதும் மூன்றாவது மனிதரின் சொற்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. அவர் யாருக்கு என்ன தீங்கு செய்தார்?

உங்கள் கணிப்பொறியில் இப்படி ஏதேனும் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். அது சான்றாகத் தேவைப்படலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். வேறொரு கணிப்பொறியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். காரணமின்றி கேமரா விளக்கு எரிந்தால் கோளாறு என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேளுங்கள்.

பிறருடைய கணிப்பொறியைப் பார்க்க உங்களுக்கே ஆவல் எழுந்தால்? “நான் பார்ப்பதை அவரிடம் நேரில் சொல்ல என்னால் முடியுமா?” என்று ஒரு கணம் யோசியுங்கள். முடியாது என்றால், பார்க்கக் கூடாது என்பதே அதன் பொருள்.