பூனைக்கு வீடு என்பது எது? – 1200 கிலோமீட்டர் இடமாற்றக் குறிப்புகள்

கிராமங்களில் பூனைத் தொல்லை தாங்காவிட்டால் கோணிப்பையில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விட்டவர் வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள் பூனை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு கதையும் ஊருக்கு ஊர் உண்டு. நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு வீடுதான் முக்கியம் என்று பெரியவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சென்ற ஆண்டு வேலை காரணமாகச் சென்னையிலிருந்து புனேவுக்குக் குடிபெயர்ந்தோம். கூடவே இரண்டு பூனைகள். முத்து 11 வயது கிழவர், கொஞ்சம் குண்டு. கருப்பிக்கு 3 வயது. தேசிய நெடுஞ்சாலை 48-இல் பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாகக் கிட்டத்தட்ட 1200 கிலோமீட்டர். தாவணகெரேயில் ஒரு இரவுத் தங்கல். வீடுதான் முக்கியம் என்றால், அந்த வீட்டையே பிடுங்கிவிட்டால் பூனைக்கு என்ன ஆகும்? இதற்காகத் தேடிப் படித்ததையும், எங்களுக்குக் கைகொடுத்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடு என்பது வாசனை

நாம் வீட்டைக் கண்ணால் அடையாளம் வைத்துக்கொள்கிறோம். பூனை மூக்கால் வைத்துக்கொள்கிறது. அதன் கன்னம், மோவாய், நெற்றி, வாலடி, பாதங்கள் எல்லாவற்றிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. சோபா மூலையில் கன்னத்தைத் தேய்ப்பதும், கதவு நிலையில் நகம் கீறுவதும் வெறும் சேட்டை இல்லை. "இது என் இடம், இங்கே பயமில்லை" என்று கையெழுத்துப் போடுகிற வேலை. படிப்பதற்கும் தனி உறுப்பு வைத்திருக்கிறது. மேல் முன்பற்களுக்குப் பின்னால் சின்னத் துளைகள், அங்கிருந்து ஜேக்கப்சன் உறுப்புக்குப் பாதை. பூனை வாயைப் பாதி திறந்து, முகத்தைச் சுளித்து அப்படியே நிற்கும், பார்த்திருப்பீர்கள். அப்போது அது அந்த உறுப்பால்தான் முகர்கிறது.

புது வீட்டில் இந்தக் கையெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அதற்குமேல் நாம் வேறு புதுப் பெயின்ட் அடித்து, பினாயில் போட்டுத் துடைத்து வைத்திருப்போம். பினாயில் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபீனால் வகை வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளில் முக்கியமான ஒன்று பூனைகளுக்கு வேலை செய்வதில்லை. அதற்கான மரபணுவே செயலிழந்து கிடக்கிறது. நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே காரணத்தால்தான். தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பிராணி இது. அதனால் புனே வீட்டில் வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும்தான். பழைய போர்வையைத் துவைக்காமலே கொண்டுபோனோம். பழைய மண் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்துப்போய்ப் புதுத் தட்டில் கலந்தோம்.

தலைக்குள் ஒரு வரைபடம்

1971-இல் ஜான் ஓ'கீஃப் எலிகளின் மூளையில் ஒரு விஷயத்தைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் ஹிப்போகேம்பஸில் இருக்கின்றன. இடச் செல்கள் என்று பெயர். 2014-இல் மோசர் தம்பதியோடு சேர்ந்து இதற்கு நோபல் பரிசு பெற்றார். எலியை வேறு அறைக்கு மாற்றினால் அந்தச் செல்கள் வேறு விதமாகத் துடிக்கும், அதாவது புது இடத்துக்குப் புது வரைபடம். பூனை மூளையும் பாலூட்டி மூளைதானே. எங்கே ஒளியலாம், எந்தச் சத்தம் எங்கிருந்து வரும், தப்பிக்க எது வழி என்று எல்லாவற்றையும் அது முதலிலிருந்து எழுத வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், கேஷ் மொத்தமும் காலி.

அதனால்தான் மருத்துவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொல்கிறார்கள்: முதலில் ஒரு அறை மட்டும். மூன்று படுக்கையறை வீட்டை மொத்தமாகத் திறந்துவிடுவது நமக்குத் தாராளமாகத் தெரியும், அதற்கோ தாங்க முடியாத வேலை. நாங்கள் சின்ன அறை ஒன்றில் சாப்பாடு, தண்ணீர், மண் தட்டு, போர்வை, இரண்டு அட்டைப் பெட்டிகள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம்.

அட்டைப் பெட்டி சும்மா இல்லை. 2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளைக் கவனித்தார்கள். 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி, 9-க்கு இல்லை. மூன்றாம், நான்காம் நாளிலேயே பெட்டி கிடைத்த பூனைகளிடம் மனஅழுத்தம் தெளிவாகக் குறைந்திருந்தது. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் செலவில்லாத வைத்தியம். ஒளிந்திருக்கிற பூனையை வெளியே இழுக்காமல் இருந்தால் போதும். நான் தினமும் தரையில் உட்கார்ந்து, சும்மா புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடும் சிறுநீரும்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். "புது இடம், ரெண்டு நாள் சாப்பிடாது, அப்புறம் சரியாயிடும்" என்று பலரும் சொல்வார்கள். நாய்க்கு அது சரியாக இருக்கலாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியும். கல்லீரல் செயலிழக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

ஆண் பூனைக்கு இன்னொன்று. மனஅழுத்தமே சிறுநீர்ப்பை அழற்சியைக் கிளப்பும். ஆணின் சிறுநீர்க் குழாய் குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்தும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், நடு ராத்திரியானாலும் டாக்டரிடம் ஓட வேண்டும்.

கருப்பி முதல் இரவே சாப்பிட்டுவிட்டாள். முத்து சாப்பிடவில்லை. சிறுநீர் மட்டும் போயிருந்தது, அது ஒரு ஆறுதல். 30 மணி நேரம் ஆனதும் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த முகவரியைக் கண்டுபிடித்து வைத்திருந்தது உதவியது. குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து கொடுத்தார்கள். அன்று ராத்திரி வெதுவெதுப்பாகச் சூடாக்கிய மத்தி மீனை என் விரலிலிருந்து நாலு வாய் நக்கினார். சூடாக்கினால் வாசனை எழும்பும், வாசனை இல்லாமல் பூனைக்குப் பசி இல்லை. அந்த நாலு வாய்க்கு என் மனைவி அழுதேவிட்டாள்.

ஜன்னலும் கதவும்

எங்கள் வீடு ஏழாவது மாடி. பூனை விழாது, விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பது பாதி உண்மை. 1987-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் இது மருத்துவமனை வரை உயிரோடு வந்தவற்றின் கணக்கு. அங்கேயே செத்தவை இதில் இல்லை. பிழைத்தவற்றிலும் பலவற்றுக்கு நெஞ்சில் அடி, எலும்பு முறிவு. புறா வலை அடிக்கும் ஆளை, சாமான் வருவதற்கு முந்தின நாளே வரச்சொல்லுங்கள்.

கதவு வழியாக ஓடிவிட்டால்? காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், கிடைத்த பூனைகளில் 75 சதவீதம் தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் பக்கம், முக்கால்வாசி 137 மீட்டருக்குள். எனவே ஊரெல்லாம் அலைவதற்கு முன், மாடிப்படி அடி, பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு அடி, பக்கத்து வீட்டுப் புதர் என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். நான் "மாஞ்சர்" என்ற மராத்திச் சொல்லை முதல் நாளே கற்றுக்கொண்டேன். சம்ஸ்கிருத மார்ஜாரத்தின் பேரப்பிள்ளை அது. நம் அகராதியில் இருக்கும் மார்ச்சாலத்துக்குச் சொந்தக்காரர்தான்.

கோணிப்பைக் கதைக்கும் ஆதாரம் உண்டு. 1922-இலேயே ஃபிரான்சிஸ் ஹெரிக் என்ற அமெரிக்க உயிரியலாளர் தாய்ப்பூனை ஒன்றைச் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டு, அது குட்டிகளிடம் திரும்பி வருவதைப் பதிவு செய்தார். சில மைல் என்பதைக் கவனியுங்கள். அப்படிப் பார்த்தால், பழைய வீட்டைத் தேடிப் போகும் ஆபத்து புனே வந்த பூனையைவிட, அதே ஊரில் நாலு தெரு தள்ளி வீடு மாறிய பூனைக்குத்தான் அதிகம்.

ஆள் முக்கியமில்லையா?

2019-இல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டேல் குழுவினர், குழந்தைகளுக்குச் செய்யும் சோதனையைப் பூனைக்குட்டிகளுக்குச் செய்தார்கள். அறிமுகமில்லாத அறை. வளர்ப்பவர் கொஞ்ச நேரம் கூட இருந்து, வெளியே போய், திரும்பி வருவார். சுமார் 64 சதவீதக் குட்டிகள் அவர் திரும்பியதும் பதற்றம் தணிந்து, மறுபடி அறையை ஆராயக் கிளம்பின. வளர்ந்த பூனைகளிலும் ஏறக்குறைய அதே விகிதம். பெரியவர்கள் சொன்னதில் வீடு பற்றிய பாதி சரி. வீடு இல்லாத இடத்தில், தெரிந்த ஆளே பாதி வீடு.

நடைமுறையில் இதற்கு ஒரே அர்த்தம்தான். குடிபோன முதல் வாரம் முடிந்தால் விடுப்புப் போடுங்கள், அல்லது வீட்டிலிருந்து வேலை பாருங்கள். எங்கள் வீட்டில் கருப்பி ஐந்தாம் நாள் ஹாலுக்கு வந்தாள். முத்துவுக்கு 19 நாள் ஆச்சு. சோபா மூலையில் கன்னத்தை ஒரு தேய் தேய்த்துவிட்டு மறுபடி அறைக்குள் போய்விட்டார். அந்த மூலையை இன்னும் துடைக்கவில்லை.