பிரிந்தவர் கூடிய பின்

காப்பியங்களிலே பிரிந்தவர் கூடுதல் என்பது பெரும்பாலும் கதையின் முடிவாக அமையும். கூடினர், மகிழ்ந்தனர், இனிது வாழ்ந்தனர் என்று கூறிப் புலவன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுவான். கூடிய பின்னர் அவர்கள் யாது செய்தனர் என்று நாமும் வினவுவதில்லை. ஆயின், கலைஞர் குழுவொன்று பிரிந்து, ஆண்டுகள் பல கழிந்து, மீண்டும் ஒன்றுசேருமாயின் அவ்வினாவே தலையாய வினாவாகிவிடுகின்றது. பழைய பாடல்களைப் பாடிப் பழைய நினைவுகளை விலைகூறுதற்கோ கூடினர்? அன்றி, சொல்லவேண்டியது ஒன்று இன்னும் எஞ்சியிருந்தமையாலோ கூடினர்?

மேனாடுகளில் இவ்வாறு மீண்டும் கூடும் இசைக்குழுக்கள் இக்காலத்தே பலவாகும். அவற்றுள் இவ்வினாவுக்கு நேர்மையான விடை அளித்தவர்கள் என நாம் கருதும் ஒரு குழுவினரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம். 'ஸ்லோடைவ்' என்னும் ஆங்கிலக் குழுவே அது.

இலண்டனுக்கு மேற்கேயுள்ள றெடிங் நகரில் 1989 ஆம் ஆண்டு இக்குழு தோன்றிற்று. நீல் ஹால்ஸ்ரெட், றேச்சல் கொஸ்வெல் ஆகிய இருவரும் சிறுபராயந்தொட்டே நண்பர்கள். இருவரும் பாடுவர், இருவரும் கிற்றார் இசைப்பர். கிறிஸ்தியன் சவில் மூன்றாவது கிற்றாரையும், நிக் சப்ளின் தாழ்சுருதிக் கிற்றாரையும் ஏற்றனர். முரசம் சிலர் கைமாறிப் பின்னர் சைமன் ஸ்கொட்டிடம் வந்து சேர்ந்தது. இருபது வயதை அணுகிய இவ்விளைஞரைக் 'கிறியேஷன்' என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பெருங் கம்பனிகளின் தயவை நாடாது, இத்தகைய சிறு நிறுவனங்களின் வாயிலாக வெளிவந்த றொக் இசையையே சுயாதீன றொக் என வழங்குவர். இவர்களின் முதலாவது சிறு வெளியீடு 1990 இல் வந்தது. 'ஜஸ்ற் போ ஏ டே' என்னும் முதல் முழு இசைத்தட்டு 1991 இல் வந்தது.

இராகமும் தாளமும் பழகிய செவிக்கு இவ்விசை முதலில் வெறும் இரைச்சல்போலத் தோன்றுதல் கூடும். அதன் இயல்பை அறிந்துகொண்டால் அவ்வெண்ணம் மாறும். மின்கிற்றாரின் கம்பி அதிரும்போது எழும் சமிக்கை, ஒலிபெருக்கியை அடையுமுன் கலைஞனின் காலடியில் வரிசையாக வைக்கப்பட்டுள்ள சிறு பெட்டிகளினூடே செல்கின்றது. ஒரு பெட்டி ஒலியைக் கரகரக்கச் செய்யும். ஒரு பெட்டி அதனை மீட்டும் மீட்டும் எதிரொலிக்கச் செய்யும். பிறிதொன்று பெரியதொரு மண்டபத்துள் ஒலித்தாற்போல அதனை விரிக்கும். மூன்று கிற்றார்கள் இவ்வாறு ஒருங்கே ஒலிக்கும்போது தனித்தனிச் சுரங்கள் கரைந்து, ஒலி ஒரு மூட்டம்போல அரங்கத்தை நிறைக்கின்றது. செய்யுளில் ஓசை குன்றியவிடத்து எழுத்தை நீட்டுதலை நாம் அளபெடை என்போம். இவர்களோ இசை முழுவதையும் அளபெடையாகவே நீட்டிவிட்டனர் எனலாம். அப்பெட்டிகளைக் காலால் இயக்கும்பொருட்டுக் கலைஞர்கள் எந்நேரமும் குனிந்தே நின்றமையின், சப்பாத்தை நோக்கி நிற்போர் என்னும் கருத்தமைந்த எள்ளற்பெயர் ஒன்றை ஆங்கிலப் பத்திரிகைகள் இவ்வகையினர்க்குச் சூட்டின. எள்ளிக் கூறிய அப்பெயரே இன்று அவ்வகை இசைக்குரிய பெயராக நிலைபெற்றுவிட்டது.

முதலிற் புகழ்ந்த பத்திரிகைகள் விரைவிலே முகந்திருப்பின. இரண்டாவது இசைத்தட்டாகிய 'சுவ்லாக்கி' 1993 இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய காலத்திலே ஹால்ஸ்ரெட்டுக்கும் கொஸ்வெலுக்கும் இடையே இருந்த காதல் முறிந்துபோயிற்று. அவர் வேல்ஸ் நாட்டிலே ஒரு குடிலிற் சிலகாலம் தனித்திருந்து, அத்துயரினின்றும் பிறந்த பாடல்களோடு மீண்டார். பிரிவைப் பாடிய அப்பாடல்களைப் பிரிந்த இருவருமே ஓரரங்கில் அருகருகே நின்று பாடவேண்டியவராயினர். ஒலிநுட்பத்திற் பெரும் பெயர் பெற்ற பிறயன் ஈனோவும் இருபாடல்களிற் பங்குகொண்டார். இத்துணையும் இருந்தும், 'மெலடி மேக்கர்' என்னும் வாரப் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர், இதனை மறுமுறை கேட்பதினும் கஞ்சி நிறைந்த குளியற்றொட்டியில் மூச்சடைத்து மாய்தல் மேல் என்னும் கருத்துப்பட எழுதினார். எழுதியவர்க்கு அது ஒருநாள் வேடிக்கை. எழுதப்பட்டவர்க்கோ இருபது ஆண்டு வடு. இளைஞரின் ஆக்கங்களைச் சிவப்பு மையாற் கீறும் தொழிலுடைய எம்போன்ற ஆசிரியர்களும் இதனைச் சற்றே நின்று எண்ணுதல் தகும்.

1995 ஆம் ஆண்டிலே 'பிக்மேலியன்' என்னும் மூன்றாவது இசைத்தட்டு வெளிவந்தது. இரைச்சலை ஏறக்குறைய முற்றாக ஒதுக்கி, மௌனத்துக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அது நின்றது. அதற்குள் நாட்டின் சுவையே மாறிவிட்டது. எளிதிற் பாடத்தக்க, எடுப்பான பாடல்களை வழங்கிய 'ஒயாசிஸ்' போன்ற குழுக்களின் காலம் வந்துவிட்டது; அக்குழுவும் அதே கிறியேஷன் நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவது இசைத்தட்டு வெளிவந்த சில நாட்களுள் நிறுவனம் ஸ்லோடைவைக் கைவிட்டது. குழு கலைந்தது.

கலைந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. ஹால்ஸ்ரெட்டும் கொஸ்வெலும் 'மொஹாவி 3' என்னும் பெயரில் நாட்டார் பாடற் சாயல்கொண்ட மென்மையான இசையைப் படைத்தனர். சவில் 'மொன்ஸ்ரர் மூவி' என்னும் குழுவை அமைத்தார். சைமன் ஸ்கொட், கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களிலே இயற்கை ஒலிகளைப் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டு 2012 இல் ஓர் இசைத்தட்டையே ஆக்கினார். இவர்கள் இவ்வாறு வெவ்வேறு வழிகளிற் சென்றிருக்க, கைவிடப்பட்ட அம்மூன்று இசைத்தட்டுகளும் தம் வழியிலே சென்றுகொண்டிருந்தன. அவை வெளிவந்த ஞான்று பிறந்தேயிராத பிள்ளைகள் இணையத்தின் வாயிலாக அவற்றைக் கண்டெடுத்தனர். அவர்கள் அப்பழைய விமர்சனங்களை அறியார். ஆதலின் பாடல்களைப் பாடல்களாகவே கேட்டனர்.

2014 ஆம் ஆண்டு தொடக்கத்தில், 'சுவ்லாக்கி'யை ஆக்கிய ஐவரும் மீண்டும் கூடுகின்றனர் என்னும் செய்தி வந்தது. அவ்வாண்டிலே இலண்டனிற் சிறியதோர் அரங்கிற் பாடிப்பார்த்துவிட்டுப் பார்சலோனாவில் நிகழ்ந்த 'பிறிமவேரா' பெருவிழாவில் மேடையேறினர். தொண்ணூறுகளில் அவர்கள் கண்ட கூட்டங்களினும் பன்மடங்கு பெரிய கூட்டம் அவர்களுக்காகக் காத்திருந்தது. அடுத்த ஆண்டுகளிற் பல நாடுகளிலும் பழைய பாடல்களை இசைத்தனர். இவ்வளவோடு நின்றிருப்பின் அவர்களைக் குறைகூறுவார் எவருமிலர். வாங்குவார் இருக்கும்வரை பழஞ்சரக்கை விற்றல் குற்றமன்று. ஆயின் அவர்கள் அவ்வளவில் நின்றாரல்லர்.

2017 ஆம் ஆண்டு வைகாசியில், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் அவர்களது புதிய இசைத்தட்டு வெளிவந்தது. குழுவின் பெயரையே அதற்குச் சூட்டினர். எட்டுப் பாடல்களைக் கொண்ட அதன் முதல் அறிமுகமாக வந்த 'ஸ்ரார் றோவிங்', பழைய ஒலிமூட்டத்தை இன்னும் விரைந்த கதியில் எழுப்பிற்று. 'சுகர் போ த பில்' என்னும் பாடலோ முற்றும் வேறானது. அங்கே கிற்றார் தெளிவாக, தனித்தனித் துளியாக ஒலிக்கின்றது. குரலும் மறைந்துநில்லாது முன்வருகின்றது. இறுதிப் பாடலாகிய 'போலிங் அஷஸ்' ஒரு பியானோச் சொற்றொடரையே திரும்பத் திரும்பச் சுழற்றிச் செல்லுகின்றது; அதிலே 'பிக்மேலியன்' காட்டிய சிக்கனத்தைக் காண்கின்றோம். இருபது வயதிற் பிரிந்தவர் நாற்பதைக் கடந்தபின் இருபது வயதினராக நடித்தலே இத்தகைய குழுக்களுக்கு வரும் பெருந்தீங்கு. அத்தீங்கு இவர்களை அணுகவில்லை.

2023 ஆம் ஆண்டு புரட்டாதி முதலாந் திகதி வெளிவந்த 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' அடுத்த படியாகும். 'யாவும் உயிருடையன' என்பது அப்பெயரின் பொருள். அதன் பாடல்கள் பல, ஹால்ஸ்ரெட் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு தனியே ஆக்கத் தொடங்கியவற்றினின்றும் வளர்ந்தவை. கொள்ளைநோய்க் காலம் அவ்வேலையைத் தடுத்தது. அதனிடையே, 2020 ஆம் ஆண்டிலே, கொஸ்வெலின் தாயாரும் ஸ்கொட்டின் தந்தையாரும் காலமாயினர். அவ்விருவர்க்குமே இவ்விசைத்தட்டு காணிக்கையாக்கப்பட்டது. 'பிறேயர் றிமெம்பேட்' என்பதிலே சொல் ஒன்றேனும் இல்லை; இசை மாத்திரமே உண்டு. இரங்கற்பா ஒன்றிலே சொல்லைக் கைவிடுதற்கும் ஒருவகைத் துணிவு வேண்டும். ஆயினும் நூல் முழுதும் புலம்பலாக அமையவில்லை. 'கிஸஸ்' போன்ற பாடல்கள் உவகையோடு விரைகின்றன. 1991 இல் வந்த முதல் இசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 32 ஆம் இடத்தை அடைந்தது; இதுவோ 6 ஆம் இடத்தை அடைந்தது. அவர்களின் வாழ்நாளில் முதற் பத்து இடங்களுள் நுழைந்த இசைத்தட்டு இதுவே.

இனி, அவர்களது மேடை நிகழ்ச்சியைப் பற்றியும் கூறல் வேண்டும். 2023 இல் கிளஸ்ரன்பரிப் பெருவிழாவிலும், அதன்பின் பல நாட்டு அரங்குகளிலும் அவர்கள் இசைத்தனர். பழையனவும் புதியனவும் விரவிவரவே பாடல்களைத் தொடுக்கின்றனர். பழைய பாடலுக்கு ஆரவாரமும் புதிய பாடலுக்குப் பொறுமையும் என்னும் வேறுபாட்டைக் கூட்டத்திலே காண்டல் அரிது. ஹால்ஸ்ரெட்டும் கொஸ்வெலும் பேசுவது சில சொற்களே.

நிகழ்ச்சியின் பிற்பகுதியிற் பெரும்பாலும் வரும் பாடல் ஒன்று தமிழ் படித்தார் கவனத்துக்கு உரியது. 'கோல்டன் ஹெயர்' என்பது அதன் பெயர். அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸ் 1907 இல் வெளியிட்ட தமது முதல் நூலாகிய சிறு கவிதைத் தொகுதியில் உள்ள கவிதை அது. ஒருத்தி பாடக்கேட்டு, படித்த நூலை மூடிவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்தவனின் கூற்றாக அது அமைந்துள்ளது. 'பிங்க் புளொயிட்' குழுவின் மூலவருள் ஒருவராகிய சிட் பரெட் அதற்கு இசையமைத்து 1970 இற் பாடினார். ஸ்லோடைவ் குழுவினர் அதனை 1991 இல் எடுத்தாண்டனர். இன்று மேடையிலே கொஸ்வெல் அச்சிறு கவிதையைத் தணிந்த குரலிற் பாடிமுடித்துவிட்டு மேடையினின்றும் அகன்றுவிடுகின்றார். எஞ்சிய நால்வரும் பல நிமிடங்கள் சொல்லின்றி இசைக்க, ஒலி மெல்ல மெல்லப் பெருகி அரங்கத்தை அதிரச்செய்கின்றது. கவிதை முடிந்த இடத்தினின்றும் இசை புறப்படுகின்றது. நூலை மூடிவைத்துப் பாட்டைத் தேடி வந்தவன் கதைக்கு இதனினும் பொருத்தமான உரை எழுதுதல் இயலுமோ என எண்ணத் தோன்றுகின்றது.

குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. பாடலிற் சொல்லே தலைமை பெறவேண்டும் என்னும் மரபில் வந்தோர்க்கு இவர்தம் சொற்கள் மெலிந்தனவாகவே தோன்றும். பல இடங்களிற் சொல் இதுவெனத் தெளிதலும் அரிது. இவர்கள் குரலையும் கருவிகளுள் ஒன்றாகவே கொண்டனர் என்பது அமைதியாகலாம். ஆயினும், ஜொய்ஸின் கவிதை ஒலிக்கும்போது அரங்கில் உண்டாகும் நிறைவு, நல்ல சொற்கள் கிடைத்தால் இவ்விசை இன்னும் எத்துணை உயரும் என்பதையும் காட்டிவிடுகின்றது.

இக்குறையை உளங்கொண்டே, இவ்விசையைக் கேட்க விழையும் அன்பர்க்கு ஒன்று கூறுவோம். முதலில் 'சுகர் போ த பில்' என்பதனைக் கேட்க. அடுத்து 'சுவ்லாக்கி'யில் உள்ள 'அலிசன்' என்பதனைக் கேட்க. இரண்டிற்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள் உள. முன்னதில் உள்ள அமைதி பின்னதில் இல்லை. பின்னதில் உள்ள தவிப்பு முன்னதில் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே உள்ளங்களினின்றும் வந்தவை என்பதைச் செவி தானே உணரும். கூடிய பின் இவர்கள் யாது செய்தனர் என்னும் வினாவுக்கு அவ்விரு பாடல்களுமே விடை கூறும்.