அடுக்குகளுக்கிடையே வளரும் விரிசல்

மூங்கிலை முறிப்பது கடினம், பிளப்பது எளிது. இழைகள் ஓடும் திசையில் அது பெரும் இழுவிசையைத் தாங்கும். இழைகளைப் பிணைக்கும் பொருளோ வலுக்குறைந்தது. ஆதலால் கத்திமுனை நுழைந்ததும் நெடுகப் பிளந்துவிடும். இன்றைய வானூர்திகளின் இறக்கைகளில் பயன்படும் இழைவலுவூட்டிய கூட்டுப்பொருள்களின் வலிமையும் குறையும் இதே இயல்பில் அடங்கியுள்ளன.

கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, மெல்லிய தாள்களாக்கி, வெவ்வேறு திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுகச் செய்வர். ஓர் அடுக்கின் தடிப்பு பொதுவாக 0.125 மில்லிமீட்டர் அளவினது. எட்டு அடுக்குகள் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டர் ஆகும். தகட்டின் நீள அகலப் போக்கில் வரும் விசைகளை இழைகள் தாங்கும். ஆனால் ஈரடுக்குகளுக்கு இடையில் இழை இல்லை. பிசின் மட்டுமே உண்டு. அவ்விடத்தில் அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று விலகுவதையே அடுக்குப் பிரிவு என்கிறோம்.

பராமரிப்பின்போது கைநழுவி விழும் ஒரு கருவியே இதனைத் தோற்றுவிக்கப் போதும். மேற்பரப்பில் வடு தெரியாதிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். துளைகளின் ஓரங்களிலும் தகட்டின் விளிம்புகளிலும் பிரிவு எளிதில் தொடங்கும்.

உலோக விரிசலைப் பெரும்பாலும் இழுவிசையே வளர்க்கிறது. இங்கோ அமுக்குவிசையும் கொடியது. அமுக்கும்போது பிரிந்த மெல்லிய அடுக்கு வெளிப்புறமாகப் புடைக்க, அதன் ஓரத்திலுள்ள பிசின் உரிபடுகிறது. சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் பிரிவு சிறிதளவு முன்னேறலாம். ஒருமுறை ஏற்றினால் தீங்கு செய்யாத சுமை, இலட்சம் முறை மீளும்போது தீங்கு செய்கிறது. இதனையே பொறியியலார் களைப்பு என்பர். மனிதனின் களைப்பு ஓய்வினால் தீரும். பொருளின் களைப்பு அவ்வாறு தீர்வதில்லை.

பால் பாரிஸ் 1960களில் வகுத்த விதிப்படி, விரிசல் ஒரு சுற்றில் வளரும் அளவு சுமைவீச்சின் ஒரு குறிப்பிட்ட படியை ஒட்டி மாறுகிறது. பல உலோகங்களில் அது ஏறத்தாழ மூன்றாம் படி: வீச்சு இருமடங்கானால் வளர்ச்சி 8 மடங்காகும். அடுக்குப் பிரிவில் அந்தப் படி பெரும்பாலும் மிக உயர்ந்தது. எட்டாம் படி எனக் கொண்டால், அதே மாற்றத்துக்கு வளர்ச்சி 256 மடங்காகும். சுமையைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையும் ஆயுட்கணிப்பைப் பொய்யாக்கிவிடும். ஆதலால் வடிவமைப்போர், கண்ணுக்குப் புலப்படாத சேதம் பயன்பாட்டுக் காலத்தில் வளரவே கூடாது என்னும் நெறியைப் பின்பற்றி, அதற்கேற்பத் தகைவைத் தாழ்த்தி வைக்கின்றனர்.

இந்த எச்சரிக்கை வீணன்று. 2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 வானூர்தி, நடுவானில் தன் சுக்கானின் பெரும்பகுதியை இழந்தது. விமானிகள் அதனைப் பத்திரமாகத் திருப்பித் தரையிறக்கினர். அச்சுக்கான், தேன்கூட்டு வடிவ உள்ளகத்தின் இருபுறமும் கார்பன் இழைத் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. ஒட்டு விலகியதோ உள்ளகம் முறிந்ததோ தொடக்கமாக இருக்கக்கூடும் என்றும், சுக்கானில் நேரக்கூடிய எல்லாக் குறைகளையும் கண்டறிய அன்றைய ஆய்வுமுறை போதவில்லை என்றும் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. இது அடுக்குப் பிரிவுக்கு நெருங்கிய உறவுடைய கேடு.

கண்ணால் பார்ப்பதும் தட்டி ஒலி கேட்பதும் எளிய ஆய்வுமுறைகள். ஆழத்திலுள்ள பிரிவைக் காண மீயொலி தேவைப்படுகிறது. மேற்பரப்பின் பளபளப்பு உள்ளிருக்கும் பிணைப்புக்குச் சான்றாகாது என்பதே இத்துறை பயிலும் மாணவர் முதலில் மனங்கொள்ள வேண்டியது.