வந்து போகிற அக்கா. போகாமல் இருந்த அம்மா!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது, முதலியார்பேட்டை. ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் அங்கே பொழுது விடியும். 1898-ம் ஆண்டு தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு மில், தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டது. 2020-ம் ஆண்டில் அது மூடப்பட்டது.

சங்கு நின்றுவிட்டது. ஆனால் புதுச்சேரிக்கு வெளிநாட்டார் வருவது நிற்கவில்லை. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகும் அந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. கடற்கரையைப் பார்க்க வருகிறவர்கள் பலர். வேறு எண்ணத்தோடு வருகிறவர்களும் உண்டு.

"பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்கிறோம். சம்பளம் வேண்டாம்" என்பார்கள் இவர்கள். இருபது வயது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள். ஒருவர் இரண்டு வாரம் இருப்பார். ஒருவர் மூன்று மாதம் இருப்பார். குழந்தைகள் "அக்கா, அக்கா" என்று காலைக் கட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் பெட்டி கட்டப்படும். அக்கா விமானம் ஏறிவிடுவார்.

அவர் மனசு நல்ல மனசுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அக்காவைத் தேடுகிற அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

பழைய வழக்கம்

கடல் கடந்து வந்து தொண்டு செய்வது புதுச்சேரிக்குப் புதிது அல்ல. குளூனி சபைக் கன்னியர் பிரான்சு நாட்டிலிருந்து இங்கே வந்தது 1827-ம் ஆண்டு. பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பது அவர்கள் பணிகளில் ஒன்று. 1962-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு இளம்பெண் மதலேன் தெ பிளிக், "வொலொந்தாரியா" என்ற நிலையத்தைப் புதுச்சேரியில் தொடங்கினார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே "தன்னார்வத் தொண்டு" என்பதுதான். வந்தவர் இந்த ஊரோடு ஊராகத் தங்கிவிட்டார்.

தங்குவதற்கும் வந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் என்ன? அதைத் தெரிந்துகொள்ள, தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போகவேண்டும்.

கதவைத் தட்டிய சிறுமி

ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந்தேதி பிறந்தவர். முதலில் ஜப்பானுக்குப் போனார். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. 1895-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். அவர் வந்தது சமயப் பணிக்காக. குழந்தைகள் இல்லம் நடத்தும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து தமிழ் கற்றார். சேலை கட்டிக்கொண்டார். கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

1901-ம் ஆண்டு மார்ச்சு மாதம். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரைத் தேடி ஓடி வந்தாள். பெயர் பிரீனா. பொட்டுக் கட்டுவதற்காகக் கோயிலைச் சேர்ந்த பெண்களிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை அவள். முன்பும் ஒருமுறை தப்பித் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தப்பி ஓடியதற்குத் தண்டனையாகப் பிஞ்சுக் கைகளில் சூடு வைத்திருந்தார்கள்!

அந்தக் குழந்தை வந்த நாளில் அம்மையாரின் திட்டம் எல்லாம் மாறியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. குழந்தைக்கு வீடு வேண்டும். வீட்டில் எப்போதும் ஒரு தாய் வேண்டும். டோனாவூரில் அவர் நிலைத்துவிட்டார். ஒன்று பத்தாயிற்று, 1913-ம் ஆண்டில் 130 குழந்தைகள். 1918-ம் ஆண்டு முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆள் கடத்தல் வழக்குக்கூட வந்தது. பிறகு தள்ளுபடி ஆயிற்று. அம்மையார் அசையவில்லை.

1931-ம் ஆண்டில் அவர் கீழே விழுந்து பலத்த காயம் அடைந்தார். அதற்குப் பிறகு இருபது வருடம் பெரும்பாலும் படுக்கைதான். அப்போதும் ஊர் திரும்பவில்லை. 1951-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி டோனாவூரிலேயே கண்ணை மூடினார். இந்தியாவுக்கு வந்த 55 ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் சொந்த நாட்டுக்குப் போனதில்லை. அவருடைய சமாதியில் கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு சொல்: "அம்மை".

அவருடைய சமயக் கொள்கையை எல்லோரும் ஏற்கவேண்டும் என்பது இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு "அம்மை எங்கே?" என்று தேடும் நிலை வரவில்லை.

இந்த நாட்டிலேயே பிறந்து அதே துன்பத்தை எதிர்த்து நின்றவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930-ம் ஆண்டில் போக்கிடம் இல்லாத பெண்களுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அப்படிப் பிறந்ததே சென்னை அவ்வை இல்லம். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ம் ஆண்டில் வந்தது.

பிஞ்சு மனசு

இவர்கள் உள்ளத்தால் உணர்ந்ததை இன்றைய ஆராய்ச்சியும் சொல்கிறது. ருமேனியா நாட்டின் தலைநகரான புக்கரெஸ்டில் 2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அனாதை விடுதிகளில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்டதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவை வளர்ப்புப் பெற்றோரிடம் விட்டார்கள். மற்றவர்களுக்கு விடுதியே கதி.

வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு அறிவு கூடியிருந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்கள் முந்தி நின்றார்கள். விடுதியில் வேளாவேளைக்குச் சோறு உண்டு. ஆனால் தன்னுடையவர் என்று சொல்ல ஒருவர் இல்லை.

முன்பின் தெரியாத விருந்தாளியின் மடியில் குழந்தை ஏறி உட்கார்ந்தால், "எவ்வளவு பாசம்!" என்று பூரித்துப் போகிறோம். தாய் மடியில் வளரும் குழந்தை புது முகத்தைக் கண்டால் முந்தானைக்குள் ஒளியும். யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்வது பல நேரம் பாசம் அல்ல, பசி!

அனாதையா, வியாபாரமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்போடியா நாட்டில் 2005-ம் ஆண்டு முதல் 2010-ம் ஆண்டு வரை, ஐந்தே வருடத்தில் அனாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கே இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்! சேவை செய்ய வெளிநாட்டார் வந்தார்கள். கூடவே பணமும் வந்தது. இல்லத்தை நிரப்ப ஏழை வீட்டுப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

மில் மூடி வேலை போன வீட்டிலும் தாய் தாய்தானே? வறுமைக்கு மருந்து வீட்டுக்கு உதவுவது. பிள்ளையைப் பிரிப்பது அல்ல.

நம் வீட்டுப் பிறந்த நாள்

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பிறந்த நாள், திருமண நாள், திதி என்றால் நாமும் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டு போகிறோம். குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறோம். கை தட்டி வாழ்த்துப் பாடச் சொல்கிறோம். அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிடுகிறோம். அந்தக் குழந்தையின் பிறந்த நாள் எது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

என்ன செய்யலாம்?

தொண்டு வேண்டாம் என்பது அல்ல. பள்ளிக்கூடம் வேறு, இல்லம் வேறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போய்விடும். அங்கே ஓரளவு வளர்ந்த மாணவர்களுக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ கணக்கோ கற்பிக்க, மூன்று மாதம் வருகிறவரும் உதவலாம். அதைவிட மேல், ஆசிரியருக்குக் கற்பிப்பது. அவர் போன பிறகும் ஆசிரியர் இருப்பார்.

இல்லத்தில் குறுகிய காலம் வேலை செய்ய வருகிறவர் கணக்கு எழுதலாம், கூரையைச் சரி செய்யலாம், சமையற்கட்டைச் சீர்படுத்தலாம். குழந்தையை மடியில் வைத்திருக்கும் வேலை, நாளையும் அங்கே இருக்கப் போகிற ஆயாவுக்கு உரியது. அந்த ஆயாவின் சம்பளத்துக்கு உதவினால், அதுவே பெரிய தொண்டு.

உதவுமுன் விசாரிக்க வேண்டும். 2015-ம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். யார் வந்தாலும் கதவைத் திறந்து குழந்தைகளைக் காட்டும் இல்லத்தைக் கண்டால் யோசியுங்கள். மத்திய அரசின் "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில், தகுதி உள்ள ஏழைக் குழந்தை சொந்தக் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தெரியாத வீட்டுக்கு அதை எடுத்துச் சொல்வதும் தொண்டுதான். ஆபத்தில் உள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு இல்லை.

முதலியார்பேட்டையிலோ வேறு ஊரிலோ வாரத்துக்கு ஒரு நாள், ஒரே குழந்தைக்கு, ஒரு வருடம் தவறாமல் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர், விமானம் ஏறி வருகிறவரைவிட அதிகம் கொடுக்கிறார். அதற்குச் செலவு இல்லை. வருகிறேன் என்று சொன்ன நாளில் வர வேண்டும், அவ்வளவுதான்.